துவர்ப்பு கனியும் காலம்: பரோலோ ஒயினுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2014 அக்டோபர். படிப்புக்காக இத்தாலியின் டூரின் நகரத்தில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, காஸ்டில்யோனே ஃபாலெட்டோ என்ற சின்ன மலையூரில் ஒரு விவசாயியின் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குப் போனோம். அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த 2010-ஆம் வருட பரோலோவை அவர் ஊற்றிக் கொடுத்தார். நிறம் வெளிர்ந்திருந்தது, மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்த மாதிரி. முகர்ந்தால் பன்னீர் ரோஜா மாலையும் புதிதாகப் போட்ட தார் ரோடும் ஒன்றாக வந்தன. ஒரு வாய் குடித்தேன். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல ஈறு, கன்னம், நாக்கு எல்லாம் இறுகிப் பிடித்துக்கொண்டன.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய் இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்தார். 1996. அதே தோட்டம், அதே திராட்சை. இரண்டுக்கும் நடுவே பதினான்கு வருடம். நிறம் செங்கல் பொடிக்கு மாறியிருந்தது. அந்தத் துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் பட்டுபோல ஆகியிருந்தது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு ஊறுமே, அதைப் போன்ற ஒன்று விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்றது.

பரோலோவின் சங்கதி முழுக்க இந்த இரண்டு டம்ளர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. துவர்ப்பு எங்கிருந்து வருகிறது, காலம் அதை என்ன செய்கிறது, அந்தக் காலத்தை ஒரு பாட்டிலுக்கு நாம் எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் கொடுத்து, வாழைப்பூவையும் கடுக்காயையும் பழகிய நாக்கு நம்முடையது. பலரும் முதல் டம்ளரிலேயே இந்த ஒயினை விட்டு ஓடுவது துவர்ப்புக்குப் பழகாததால்தான்.

படி 1: திராட்சையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பரோலோ என்பது ஊரின் பெயர், ஒயினின் பெயரும் அதுதான். திராட்சையின் பெயர் நெபியோலோ. பரோலோ என்று விற்க வேண்டுமென்றால் நூற்றுக்கு நூறு நெபியோலோ மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு எதையும் கலக்கக் கூடாது. இத்தாலிய மொழியில் நெபியா என்றால் மூடுபனி. அறுவடைக் காலத்தில் அந்தக் குன்றுகளுக்கு இடையே பனி நிறைந்துவிடுவதால் இந்தப் பெயர் என்பார்கள். பழத்தோலின் மேல் சாம்பல் பூசியதுபோல ஒரு படலம் இருக்கும், அதனால் வந்த பெயர் என்பவர்களும் உண்டு.

நெபியோலோ பிடிவாதமான கொடி. வசந்தத்தில் மற்ற ரகங்களுக்கு முன்னால் துளிர்த்துவிடும், அதனால் பின்பனியில் கருகும் அபாயம் உண்டு. பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரும்பாலும் அக்டோபரில். அதற்குள் மழை வந்துவிடலாம், ஆலங்கட்டி விழலாம். எல்லா மண்ணிலும் வளராது. உலகத்தில் பல நாடுகளில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் டூரின் இருக்கும் பீட்மாண்ட் மாகாணத்தையும் அதன் பக்கத்துப் பகுதிகளையும் தாண்டி இது பெரிதாகப் பேர் வாங்கியதில்லை.

இதன் தோலில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம், கூடவே புளிப்பும் அதிகம். வெளிர்ந்த நிறத்தைப் பார்த்து லேசான ஒயின் என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊரில் டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால்தான் ஸ்ட்ராங் என்போம். நெபியோலோ விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

துவர்ப்பு உண்மையில் எப்படி வேலை செய்கிறது? திராட்சைத் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. அது நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் வறண்டு இறுகுகிறது. ஆகவே துவர்ப்பு சுவை மட்டுமல்ல, ஒரு தொடு உணர்ச்சியும்கூட. பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் இந்த டானின் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் கைகோத்துப் பெரிதாகிறது. ஒரு பகுதி பாரம் தாங்காமல் அடியில் மண்டியாகப் படிகிறது, மிச்சம் நாக்கில் மென்மையாகப் படுகிறது. இப்படிக் கனிவதற்கு ஆகும் காலம் முழுக்க ஒயினைக் கெடாமல் காப்பதில் புளிப்புக்குப் பெரிய பங்கு. துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து அதிகமாக இருப்பதால்தான் பரோலோ முப்பது வருடம்கூடத் தாங்குகிறது.

படி 2: நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

டூரினிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஆல்பா என்ற ஊர். அதற்குத் தென்மேற்கே இருக்கும் குன்றுகளின் கூட்டத்துக்கு லாங்கே என்று பெயர். பரோலோ விளையும் எல்லை பதினோரு ஊராட்சிகளைத் தொடுகிறது. அதில் பரோலோ, காஸ்டில்யோனே ஃபாலெட்டோ, செர்ராலுங்கா மூன்றும் முழுவதுமாக உள்ளே வருகின்றன. லா மோர்ரா, மோன்ஃபோர்ட்டே, வெர்டூனோ, நோவெல்லோ முதலிய மற்ற எட்டும் பகுதி பகுதியாக வருகின்றன.

இந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலடி. கோடி வருடங்களுக்கு முந்தைய களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்து, காய்ந்தால் சாம்பல் நீலமாகத் தெரியும் மண். மேற்கே லா மோர்ராவிலும் பரோலோ ஊரைச் சுற்றியும் இருப்பது சற்று இளைய மண், வளமும் கூடுதல். அங்கே வரும் ஒயினில் மணம் முன்னால் நிற்கும், துவர்ப்பு சீக்கிரம் இளகும். கிழக்கே செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்ட்டேயின் பல பகுதிகளிலும் இருப்பது இன்னும் பழைய, இறுகிய, வளம் குறைந்த மண். அங்கே வரும் ஒயின் இளமையில் கதவைத் திறக்காது, பத்து வருடம் கழித்துத்தான் பேச ஆரம்பிக்கும். எனக்குப் பிடித்தது செர்ராலுங்கா. ஆனால் முதல் பாட்டிலுக்கு லா மோர்ராவைத்தான் சொல்வேன்.

ஒரே குன்றிலும் எந்தத் திசையைப் பார்த்த சரிவு என்பது முக்கியம். தெற்கையும் தென்மேற்கையும் பார்க்கும் சரிவுக்கு வெயில் அதிகம், அங்கேதான் நெபியோலோ பழுக்கும். குளிர்காலத்தில் எந்த இடத்தில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது அந்த விவசாயிகளின் பழைய கணக்கு. வடக்கு பார்த்த சரிவில் ஹேசல்நட் மரங்கள் நிற்கும். அந்தக் கொட்டையும் ஆல்பாவின் இன்னொரு செல்வம்.

தோட்டங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பரோலோ ஊரில் கன்னுபி, லா மோர்ராவில் செரேக்கியோ, லா மோர்ராவும் பரோலோவும் பங்கிட்டுக்கொள்ளும் புருனாட்டே, மோன்ஃபோர்ட்டேயில் புஸ்ஸியா, செர்ராலுங்காவில் வின்யா ரியோண்டா. கன்னுபி என்று எழுதி 1752 என்று வருடம் போட்ட ஒரு பாட்டில் இன்னும் இருக்கிறது. பரோலோ என்ற பெயர் ஒயினுக்கு நிலைப்பதற்கு முன்பே ஒரு குன்றின் பெயர் பாட்டிலில் ஏறிவிட்டது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் பக்கத்து நெபியோலோ பெரும்பாலும் லேசான இனிப்போடு இருந்தது. அறுவடை தாமதம், அதற்குள் குளிர் வந்துவிடும், நொதித்தல் பாதியில் நின்றுவிடும். முழுக்க நொதிக்கவிட்டு இனிப்பில்லாத ஒயினாக மாற்றிய புகழ் லூயி ஊதார் என்ற பிரெஞ்சுக்காரருக்கு நெடுநாள் இருந்தது. அவருக்கு முன்பே பாவ்லோ ஃபிரான்செஸ்கோ ஸ்டால்யேனோ என்ற இத்தாலியர் இதைச் செய்துவிட்டார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமரான காவூர் கிரின்சானே ஊரில் மேயராக இருந்து அங்கே திராட்சைத் தோட்டத்தைக் கவனித்தவர். பரோலோ கோட்டையின் பிரபுப் பெண்மணி ஜூலியா, பீட்மாண்டை ஆண்ட அரசர் கார்லோ ஆல்பெர்ட்டோ கேட்டார் என்று 325 வண்டிகளில் ஒயின் அனுப்பியதாக ஒரு கதை உண்டு. வருடத்துக்கு 365 நாள், அதில் தவக்காலம் நாற்பது நாள் போக மிச்சம். அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன் என்ற பெயர் இந்தத் தொடர்பில் ஒட்டிக்கொண்டது. 2014-இல் லாங்கே குன்றுகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

படி 3: எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள்

பாட்டில் வாங்கும் முன் இந்தக் கேள்வி அவசியம். ஒரே குன்றில் இரண்டு வீட்டார் செய்யும் பரோலோ இரண்டு விதமாக இருக்கும்.

பழைய முறையில் சாறும் தோலும் ஒரு மாதம், சில வீடுகளில் இரண்டு மாதம் வரை சேர்ந்தே ஊறும். மேலே மிதந்து வரும் தோலைச் சாற்றுக்குள்ளேயே அமுக்கி வைப்பார்கள். பிறகு ஆள் உள்ளே இறங்கிக் கழுவும் அளவு பெரிய, பல வருடம் பழகிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். அவ்வளவு பெரிய பீப்பாயில் மரத்தின் வாசம் ஒயினில் ஏறாது, மூச்சு மட்டும் மெல்லப் போய்வரும்.

1980-களில் ஒரு இளைய தலைமுறை இதை எதிர்த்துக் கிளம்பியது. அவர்கள் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தவர்கள். தோல் ஊறுவதை ஒரு வாரம் பத்து நாளாகக் குறைத்தார்கள், 225 லிட்டர் கொள்ளும் சின்னப் புது பீப்பாயான பாரிக்கில் ஒயினை வைத்தார்கள். லா மோர்ராவின் எலியோ ஆல்டாரே, அப்பாவின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். அப்பா உயிலில் மகனுக்குச் சொத்து வைக்கவில்லை. இந்தச் சண்டைக்குப் பரோலோ போர் என்றே பெயர். எதிர்ப் பக்கத்தில் பார்ட்டோலோ மஸ்கரெல்லோ நின்றார். கையால் லேபிள் வரைந்தவர். பாரிக் வேண்டாம், அன்றைய இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதினார்.

இன்று போர் ஓய்ந்துவிட்டது. புது முறைக்காரர்கள் பெரிய பீப்பாய்க்குத் திரும்பி வருகிறார்கள், பழைய முறைக்காரர்கள் நிலவறைச் சுத்தத்தையும் கொடியில் அதிகப்படியான குலைகளைக் கழிப்பதையும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். இரண்டு தரப்பாலும் ஒயினுக்கு நன்மைதான். ஆனாலும் என் மனசு பெரிய பீப்பாய் பக்கம்தான். புது மரம் கொடுக்கும் வனிலா வாசத்தை உலகத்தின் எந்த ஒயினிலும் குடிக்கலாம். ரோஜாவும் தாரும் இங்கேதான் கிடைக்கும்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

பாட்டிலின் கழுத்தில் எண் அச்சிட்ட ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலியின் மிக உயர்ந்த தர வகுப்பின் அரசு முத்திரை அது. பரோலோவுக்கு 1966-இல் அதற்கு ஒரு படி கீழான டி.ஓ.சி. தகுதியும் 1980-இல் டி.ஓ.சி.ஜி. தகுதியும் கிடைத்தன.

அடுத்து வருடம். அது அறுவடை நடந்த வருடம், பாட்டிலில் அடைத்த வருடம் அல்ல. பரோலோ விற்பனைக்கு வர, அறுவடை வருட நவம்பர் 1-லிருந்து குறைந்தது 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதம். ஆகவே கடையில் புதிதாக இறங்கும் பரோலோவுக்கே மூன்று வயது தாண்டியிருக்கும்.

பரோலோ என்ற சொல்லோடு கன்னுபி, புஸ்ஸியா என்று ஒரு தோட்டப் பெயரும் இருந்தால் திராட்சை அந்த எல்லைக்குள் விளைந்தது. இந்தத் தோட்ட எல்லைகள் 2010 அறுவடையிலிருந்து சட்டப்படி வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் எதுவும் இல்லையென்றால் தரம் குறைவு என்று அர்த்தமில்லை. பல தோட்டத்துப் பழங்களைச் சேர்த்துச் செய்வதுதான் அங்கே பழைய வழக்கம். மஸ்கரெல்லோ வீட்டில் நான்கு தோட்டத்துப் பழத்தைக் கலந்து ஒரே பரோலோவாகத்தான் கொண்டுவருகிறார்கள், அதற்கு உலகமே வரிசையில் நிற்கிறது.

படி 5: வருடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் ஒரு வருட மாங்காய் மாதிரி அடுத்த வருடம் இருக்காது. அதே கதைதான். வைத்துக் குடிக்க என்றால் 2010, 2013, 2016, 2019 வருடங்களைத் தேடுங்கள். பழம் நிதானமாகப் பழுத்து, புளிப்பும் துவர்ப்பும் சரியாக அமைந்தவை. 2016 எனக்குத் தெரிந்து எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்த வருடம், அதை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். 2015-உம் 2017-உம் வெயில் வருடங்கள், பழம் கனிந்து முன்னால் நிற்கும், சீக்கிரம் குடிக்கலாம். 2014 மழை வருடம், 2018-உம் சற்று மெலிந்தது. ஆனால் நல்ல கை செய்த 2014, இன்று குடிக்க அழகாக இருக்கிறது, விலையும் குறைவு. மோசமான வருடத்தில் நல்ல வீடு என்பதே நான் நம்பும் விதி. நல்ல வருடத்தில் பெயர் தெரியாத வீட்டை வாங்கி ஏமாறுவதைவிட அது மேல்.

படி 6: எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது

முதலிலேயே பரோலோவில் கை வைக்க வேண்டாம். லாங்கே நெபியோலோ என்று ஒரு வகுப்பு உண்டு. அதே திராட்சை, பெரும்பாலும் அதே வீட்டார், குறைந்த காலம் வைத்தது, விலையும் பாதிக்குக் கீழே. அதைக் குடித்து ரோஜா வாசத்தையும் துவர்ப்பையும் நாக்குக்குப் பழக்குங்கள்.

அப்புறம் பார்பரெஸ்கோ. ஆல்பாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து ஊர், அதுவும் முழுக்க நெபியோலோதான். துவர்ப்பு சற்று இளகியது. அங்கே ப்ரொடுட்டோரி டெல் பார்பரெஸ்கோ என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் பத்தொன்பது சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கியது. முதல் வருட ஒயின்களை மாதா கோயிலின் அடித்தளத்தில் செய்தார்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவு நேர்மையான நெபியோலோ வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

அதன் பிறகு பரோலோ. ஜி.டி. வாய்ரா, மஸ்ஸோலினோ, ஒட்டேரோ மாதிரி வீடுகளின் தோட்டப் பெயர் இல்லாத பரோலோ நல்ல வாசல். ஜாகோமோ கொண்டெர்னோ வீட்டின் மோன்ஃபோர்ட்டினோ என்ற பரோலோ போன்றவை இப்போது ஏலப் பொருளாகிவிட்டன. கிடைத்தால் ஒரு வாய் குடியுங்கள், கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவருவோருக்கு ஒரு கணக்கு. சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை. ஒரு பாட்டில் 750 மில்லி, ஆகவே இரண்டு பாட்டில். மூன்றாவது எல்லையைத் தாண்டிவிடும்.

படி 7: பத்திரமாக வைத்திருங்கள்

இந்தப் படியில்தான் நான் அடிபட்டேன். அந்த 2014-இல் ஆறு பாட்டில் 2010 பரோலோ வாங்கினேன். நான்கை டூரினில் ஒரு நண்பரின் நிலவறையில் வைத்துவிட்டு, இரண்டை 2015 பொங்கலுக்குச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். இருட்டாக இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். அந்த வருடம் மே மாதம் போய், ஜூனில் எடுத்துப் பார்த்தால் ஒரு பாட்டிலின் கார்க் அரை விரற்கடை மேலே தள்ளியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. திறந்தேன். ரோஜா இல்லை, தார் இல்லை. கருகின வெல்லப்பாகு வாசமும் காய்ச்சிய ஜாம் ருசியும்தான் இருந்தன. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. முப்பது வருடம் வாழவேண்டிய ஒயினை ஒரு கத்தரி வெயில் முடித்துவிட்டது. அதை இன்னும் நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆகவே சொல்கிறேன். 12-லிருந்து 14 டிகிரி செல்சியஸ் உத்தமம். அதைவிட முக்கியம், வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பது. பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் கார்க் நனைந்து, காய்ந்து சுருங்காமல் இருக்கும். வெளிச்சம் கூடாது. ஈரப்பதம் 60-லிருந்து 70 சதவீதம்.

சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு இதற்கு ஒரே வழி ஒயினுக்கென்றே செய்த குளிர்பெட்டி. பகலில் நின்று இரவில் ஓடும் ஏ.சி. அறை போதாது, தினமும் ஏறி இறங்கும் வெப்பம் கார்க்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குளிர்பெட்டி இல்லையென்றால் சாதாரண ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் சில மாதம் வைக்கலாம், பரணைவிட அது எவ்வளவோ தேவலை. மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் வருடக்கணக்கில் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலை வாங்கி அந்த மாதமே குடித்துவிடுங்கள்.

வாங்கும்போதும் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் கசிவு இருக்கிறதா, கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்றதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 8: திறப்பதும் ஊற்றுவதும்

இளையதும் முதியதும் வேறு வேறு. பத்து வயதுக்குக் கீழே என்றால் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். காற்றுப் பட்டு வாசம் விரியும். இருபது வயதுக்கு மேல் என்றால் அப்படிச் செய்யாதீர்கள், மென்மையான வாசம் பறந்துவிடும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். மறுநாள் கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு சின்ன வாய் ஊற்றிப் பார்த்து, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். ஊற்றும்போது கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். மண்டி கழுத்தை நெருங்குவது தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ஃபில்டர் காபிக்காரர்களுக்கு இந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய கார்க் உதிரும். திருகைப் பாதி வரை இறக்கி அவசரப்பட்டு இழுத்தால் இரண்டாக உடையும். நிதானம் வேண்டும்.

குடிக்கும் வெப்பம் 16-லிருந்து 18 டிகிரி. நம் ஊர் அறையில் அப்படியே வைத்தால் சாராய நெடி மட்டும்தான் வரும். டம்ளர் அகன்ற வயிறும் குறுகிய வாயும் கொண்டதாக இருக்கட்டும், கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது கார்க்கினால் வந்த கெடுதல். காற்றாடவிட்டாலும் போகாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

படி 9: குடியுங்கள்

முதலில் டம்ளரைச் சுழற்றாமல் முகருங்கள், அப்புறம் சுழற்றி முகருங்கள். இளையதில் ரோஜா, செர்ரி, தார், லேசாகச் சோம்பு. முதியதில் காய்ந்த ரோஜா இதழ், பதனிட்ட தோல், புகையிலை, மழை நின்ற காட்டுத் தரை. ஆல்பா பக்கத்தில் மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை ட்ரஃபிள் என்ற காளானின் வாசம்கூட வரும் என்பார்கள். நான் அதை இரண்டு முறைதான் உணர்ந்திருக்கிறேன்.

வாயில் எடுத்ததும் விழுங்காதீர்கள். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். நாக்கின் நடுவில் சொரசொரப்பாக, பச்சை வாழைக்காய் கறைபோல நின்றால் இன்னும் காலம் ஆகவில்லை, அல்லது பழம் சரியாகப் பழுக்கவில்லை. ஈறு முழுக்கப் பரவி, மெல்லிய பொடிபோல மறைந்து, பின்னால் எச்சில் ஊறினால் அது நல்ல துவர்ப்பு. விழுங்கிய பிறகு மனசுக்குள் எண்ணுங்கள். நல்ல பரோலோவில் முப்பதைத் தாண்டியும் வாசம் நிற்கும்.

படி 10: சாப்பாட்டோடு சேருங்கள்

துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும் வேண்டும். டானின் எச்சிலைப் பிடிப்பதற்குப் பதில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், வாய் இளகும். அதனால்தான் லாங்கேயில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். முட்டை மஞ்சள் கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த தயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸில் வெண்ணெய் உருக்கி ஊற்றி, இலையுதிர் காலத்தில் மேலே ட்ரஃபிளைச் சீவிப் போடுவார்கள். அதோடு 1996 மாதிரி ஒரு முதிர்ந்த பாட்டில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

நம் சாப்பாட்டோடு எடுபடுமா? மிளகாய்க் காரத்தோடு எடுபடாது. காரம், துவர்ப்பு, ஆல்கஹால் மூன்றும் சேர்ந்து வாயை எரிக்கும். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாவற்றிலும் புளி முன்னால் நிற்பதால் ஒயின் மெலிந்து போகும். ஆனால் காரம் குறைத்த மட்டன் எலும்புக் கறி, நெய்யில் வறுத்த காளான், மிளகு லேசாகத் தூவிய வாத்துக்கறி, இவையெல்லாம் நன்றாகவே சேர்ந்தன. சைவர்களுக்குப் பழைய கெட்டிப் பாலாடைக் கட்டி போதும்.

இனிப்போடு வேண்டாம். அதற்கு அங்கேயே பரோலோ கினாட்டோ என்று ஒன்று இருக்கிறது. பரோலோவில் கொய்னாப் பட்டையும் பல மூலிகைகளும் ஊறப்போட்டுச் சர்க்கரை சேர்த்தது. செர்ராலுங்காவில் மருந்துக் கடைக்காரர் ஒருவர் மருந்தாகத்தான் தொடங்கினார். கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். டார்க் சாக்லேட்டோடு குடியுங்கள்.

படி 11: முடிந்தால் ஒரு முறை போய்வாருங்கள்

அக்டோபர், நவம்பர் நல்ல காலம். ஆல்பாவில் ட்ரஃபிள் சந்தை நடக்கும், கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஆல்பாவில் தங்கி வாடகைக் காரில் சுற்றலாம், ஓட்டுகிறவர் குடிக்காமல் இருக்க வேண்டும். சிறு வீடுகளுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள், அறுவடை வாரங்களில் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். லா மோர்ராவின் உச்சியில் நின்றால் மொத்த நிலமும் ஒரே பார்வையில் விழும். காலையில் பனி பள்ளங்களை மூடியிருக்க, கோட்டைகளும் மணிக்கூண்டுகளும் தீவுகளாகத் தெரியும். பரோலோ கோட்டைக்குள் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் நடங்கள், அந்தச் சாம்பல் மண்ணை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்.

படி 12: ஆறு பாட்டில் திட்டம்

காலம் துவர்ப்பை என்ன செய்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல வருடத்தில் ஒரே ஒயினை ஆறு பாட்டில் வாங்குங்கள். கை எட்டவில்லையென்றால் மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். ஒன்றை உடனே திறங்கள். அடுத்ததை மூன்று வருடம் கழித்து. அப்படியே தொடருங்கள். ஒவ்வொரு முறையும் நிறம், வாசம், துவர்ப்பு எங்கே பிடித்தது என்று மூன்று வரி நோட்டில் எழுதி வையுங்கள்.

டூரினில் மிஞ்சிய நான்கை நான் அப்படித்தான் திறந்தேன். 2015-இல் என் நோட்டில் இருப்பது: பாக்கு, தார், பேச மறுக்கிறது. 2018: ரோஜா வெளியே வந்துவிட்டது, ஈறு இன்னும் இறுகுகிறது. 2021: விளிம்பில் செங்கல் நிறம், காய்ந்த இலை, துவர்ப்பு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கடைசிப் பாட்டிலை 2024 டிசம்பரில், நண்பர் வீட்டுச் சமையலறையில் திறந்தோம். அன்று நான் எழுதியது ஒரே வரி: நெல்லிக்காய்க்கு அப்புறம் குடித்த தண்ணீர்.